விளக்குக்கு முன்னால் சொல்லாத பெயர்

முருகனை நம்பி நாளைத் தொடங்குகிற உங்கள் எல்லோருக்கும் அந்தமான் நிக்கோபார் தீவுகளின் தென்கோடியில் இருக்கிற கேம்பல் பேயிலிருந்து மரகதம் எழுதுகிறேன். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. பேசச் சொன்னால் நாள் முழுக்கப் பேசுவேன். ஆனால் எனக்கு நடந்ததை ஊரில் ஆளுக்கொரு விதமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அதனால் நானே எழுதிவிடுவது நல்லது என்று உட்கார்ந்துவிட்டேன்.

சென்ற வருடம் ஐப்பசியில் நான் சாவின் வாசல் வரைக்கும் போய் வந்தேன். கந்த சஷ்டி விரதம் முடிந்து, கோயிலில் திருக்கல்யாணச் சாப்பாடு. விரதம் முழுக்க ஒருவேளை பாலும் பழமும்தான் சாப்பிட்டிருந்தேன். அன்றைக்கு இலையில் வடை, அப்பளம், நெய் மிதக்கும் சர்க்கரைப் பொங்கல் எல்லாம் விழுந்தது. பசி, ஒரு பிடி பிடித்தேன். கை கழுவிவிட்டு வீட்டுக்கு வந்து கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை, வலது விலாவுக்குக் கீழே யாரோ கையை விட்டுப் பிசைகிற மாதிரி வலி வந்தது. முதுகுக்குப் போனது, அங்கிருந்து வலது தோள்பட்டைக்கு ஏறியது. தின்றதெல்லாம் வாந்தியாகப் போனது. உடம்பு நெருப்பாய்க் கொதித்தது.

அந்த வலி எனக்குப் புதிதில்லை. பல மாதமாகவே பூரி சாப்பிட்டால் வரும், கறிக்குழம்பு சாப்பிட்டால் வரும், கொஞ்ச நேரம் ஆட்டிப் படைத்துவிட்டுப் போய்விடும். வாயு என்று பெருங்காயத்தைக் கரைத்துக் குடிப்பேன், ஓமத் தண்ணீர் குடிப்பேன். தோள்வலி தண்ணீர்க் குடம் தூக்கினதால் என்று தைலம் தேய்த்துக்கொள்வேன். ஆஸ்பத்திரி எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். ஏன் போகவில்லை என்று கேட்பீர்கள். அங்கே வசந்தா இருக்கிறாள்.

வசந்தா என் கொழுந்தன் மனைவி. எங்கள் மாமனார் பட்டாளத்தில் இருந்தவர். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்து, அரசாங்கம் கொடுத்த நிலத்தில் தென்னையும் பாக்கும் வைத்தார். அந்த நிலத்தில்தான் என் வீடும் அவள் வீடும் அடுத்தடுத்து இருக்கின்றன. என் வீட்டுக்காரருக்கு பவர் ஹவுஸில் வேலை. வசந்தாவுக்கு ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. எனக்குப் பல வருடம் கழித்துக் கப்பலேறி வந்தவள் அவள். வந்த அன்று வாந்தி எடுத்துத் துவண்டு கிடந்தவளுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தவள் நான். இதையெல்லாம் இன்றைக்கு யார் நினைத்துப் பார்க்கிறார்கள்?

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. மாதாமாதம் சஷ்டியன்று பெண்கள் எல்லோரும் கோயிலில் கூடுவோம். தமிழ் ஆட்கள் மட்டும் இல்லை, தெலுங்குக்காரர்களும் வருவார்கள், ஒரு மலையாளத்து அம்மாவும் வருவார். பாட்டு முடிந்ததும் ஒருத்தி விளக்குக்கு முன்னால் உட்கார்ந்து, யாருக்கு என்ன கஷ்டமோ அவர்கள் பெயரையும் கஷ்டத்தையும் சத்தமாகச் சொல்லுவாள். மற்றவர்கள் வேல் வேல் என்று சொல்லுவோம். சொல்கிறவள் தன் பெயரை மட்டும் தானே சொல்லக்கூடாது. இல்லாவிட்டால் முதல் பெயர் அவளுடையதாகத்தான் இருக்கும். அந்தச் சட்டத்தைப் போட்டவளே நான்தான். ஏனென்றால் பல வருடம் விளக்குக்கு முன்னால் உட்கார்ந்து பெயர் சொன்னவளும் நான்தான்.

என் மகள் பிரசவத்துக்காக மெயின்லேண்ட் போனேன். பேரன் பிறந்து, அவன் தவழுகிறவரைக்கும் மதுரையில் இருந்தேன். திரும்பி வந்து முதல் சஷ்டிக்குக் கோயிலுக்குப் போனால் என் இடத்தில் வசந்தா உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனாள். பக்கத்தில் இருந்தவர்கள் விடவில்லை. "பைட்டோ, பைட்டோ, உட்காரு, நீயே சொல்லு வசந்தா, உன் வாயால சொன்னா உடனே நடக்குது" என்றார்கள். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நான் சொன்னபோது மட்டும் முருகன் காதைப் பொத்திக்கொண்டானா?

நடந்ததும் உண்மைதான். அவள் பெயர் சொன்ன பெண்ணுக்குக் கல்யாணம் கூடிவந்தது. அவள் சொன்ன வீட்டுக்காரருக்கு டிரான்ஸ்ஃபர் கிடைத்தது. கடலில் என்ஜின் நின்றுபோன படகு கரைக்கு வந்தது. எல்லாம் வசந்தா கணக்கில் போய்ச் சேர்ந்தது. நான் ஒருவேளை உண்டு விரதம் இருக்கிறவள். அவள் ஆஸ்பத்திரி கேன்டீனில் சமோசா தின்றுவிட்டு வந்து விளக்குக்கு முன்னால் உட்காருவாள். வயிறு எரிந்தது என்று சொல்வார்களே, எனக்கு உண்மையிலேயே எரிந்தது.

அதனால்தான் வலியை மறைத்தேன். ஆஸ்பத்திரிக்குப் போனால் வசந்தாவுக்குத் தெரியும். அவளுக்குத் தெரிந்தால் அடுத்த சஷ்டிக்கு விளக்குக்கு முன்னால் என் பெயரைச் சொல்லுவாள். எனக்குக் குணமானால் ஊரே என்ன சொல்லும்? மரகதமும் வசந்தா புண்ணியத்தில்தான் பிழைத்தாள் என்று சொல்லும். அதற்கு இந்த வலியே மேல் என்று இருந்தேன். முருகா, என்னை நீயே பார்த்துக்கொள், வசந்தா வாயால் என் பெயர் உன் காதில் விழக்கூடாது என்றுதான் நான் தினமும் வேண்டியது. நான் கேட்ட வார்த்தை இதுதான், ஒரு எழுத்துகூட மாற்றிச் சொல்லவில்லை.

திருக்கல்யாணத்துக்கு மறுநாள் காலையில் என்னால் நிமிர்ந்து நிற்க முடியவில்லை. என் வீட்டுக்காரர் அதிகம் பேசுகிறவர் இல்லை. சட்டையை மாட்டிக்கொண்டு, "எழுந்திரு, போலாம்" என்றார்.

"வெறும் கேஸுங்க. மத்தியானத்துக்குள்ள சரியாப் போயிரும்."

"நீ வரியா, இல்ல வசந்தாவ இங்க கூப்பிடவா?"

உடனே எழுந்து நடந்தேன்.

டாக்டர் சின்ன வயசுக்காரர், கல்கத்தாப் பக்கம். ஹிந்திதான் பேசுவார், எனக்கும் ஹிந்தி நன்றாகத் தெரியும். ஆனாலும் பெண்களைப் பார்க்கும்போது பக்கத்தில் ஒரு பெண் நிற்க வேண்டும் என்பது முறை. திரையை விலக்கிக்கொண்டு வந்து நின்றது யார் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

"அக்கா, என்னக்கா ஆச்சு? ஏன் என்கிட்ட சொல்லல?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. கேஸ்."

படுக்கச் சொன்னார்கள். டாக்டர் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார். முழங்காலை மடக்கிக்கொள்ளச் சொன்னார், வயிறு தளர்வாக இருக்குமாம். கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, வலிக்காத இடது பக்கத்திலிருந்து மெதுவாக அழுத்திக்கொண்டு வந்தார். ஒவ்வொரு இடத்திலும் "தர்த் ஹை?", வலிக்கிறதா என்று கேட்டார். நான் "நஹி", இல்லை என்றேன். வலது பக்கம் வந்தபோது பல்லைக் கடித்துக்கொண்டேன். அங்கேயும் "நஹி" என்றேன். முருகா, இவர் எதையும் கண்டுபிடிக்காமல் மருந்து கொடுத்து அனுப்பிவிடட்டும் என்று உள்ளுக்குள் கெஞ்சினேன். வசந்தா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் விரல்களை என் வலது விலா எலும்புக்குக் கீழே உள்ளே கொடுத்து வைத்துக்கொண்டார். "அம்மாஜி, லம்பா ஸாஸ் லீஜியே" என்றார். மூச்சை ஆழமாக இழுக்கச் சொல்கிறார். இதில் என்ன இருக்கிறது என்று இழுத்தேன். பாதி மூச்சு உள்ளே போனது, மறுபாதி போகவில்லை. சுவரில் முட்டின மாதிரி நின்றுவிட்டது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"தர்த் ஹை?"

"நஹி."

அவர் என்னோடு வாதாடவில்லை. இடது பக்கத்தில் அதே மாதிரி விரலை வைத்து இழுக்கச் சொன்னார். மூச்சு தாராளமாக உள்ளே போனது. மறுபடி வலது பக்கம் வைத்தார். மறுபடியும் பாதியில் நின்றது. நானும் வைராக்கியமாக முழு மூச்சையும் இழுத்துக் காட்டிவிடலாம் என்று பார்த்தேன். என் வாய் என் பேச்சைக் கேட்டது, மூச்சு கேட்கவில்லை.

"அக்கா, வாய்தான் இல்லைங்குது" என்றாள் வசந்தா. என் கையைப் பிடித்தாள். நான் உதறப் பார்த்தேன், தெம்பில்லை.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். ஈரலுக்குக் கீழே பித்தப்பை என்று ஒன்று இருக்கிறது. மூச்சு இழுத்தால் ஈரல் கீழே இறங்கும், அதோடு அந்தப் பையும் இறங்கும். பை வீங்கிப் புண்ணாகி இருந்தால் வைத்திருக்கிற விரலில் வந்து முட்டும், மூச்சு தானாக நின்றுவிடும். இதை மட்டும் வைத்து முடிவு சொல்லிவிட முடியாது, ரத்தமும் ஸ்கேனும் பார்க்க வேண்டும். ஆனால் காய்ச்சலும் வாந்தியும் சேர்ந்திருக்கிறது, காத்திருக்கக் கூடாது, ஆபரேஷன் செய்கிற இடத்துக்குப் போக வேண்டும் என்றார். எங்களுக்கு அது போர்ட் பிளேர்தான்.

கேம்பல் பேயிலிருந்து போர்ட் பிளேருக்குக் கப்பலில் போவது நாள்கணக்கு. உடனே போக வேண்டுமென்றால் ஹெலிகாப்டர். அன்றைக்கு வானம் இருட்டிக்கொண்டு ஊற்றியது, ஹெலிகாப்டர் வரவில்லை. ட்ரிப் ஏற்றிப் படுக்க வைத்தார்கள். பை உள்ளே வெடித்தால் என்ன ஆகும் என்று நர்ஸிடம் கேட்டேன். அவள் பாட்டிலைச் சரி செய்யத் திரும்பிக்கொண்டாள். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. பேரன் முகம் கண்ணில் நின்றது. முருகா, வானத்தைத் திற என்று வேண்டினேன். அந்தப் பயத்திலும் கடைசியில், வசந்தா வேண்டுவதற்கு முன்னால் திற என்று சேர்த்துக்கொண்டேன். என்ன செய்வது, நான் இப்படித்தான்.

மறுநாள் காலையில் மழை விட்டது. வெயில் அடித்தது. ஹெலிகாப்டர் வருகிறது என்று தகவல் வந்தது. கூட ஒருவர்தான் போகலாம், ட்ரிப்பைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர் வேண்டும் என்று டாக்டர் வசந்தாவை அனுப்பினார். என் வீட்டுக்காரர் கப்பலில் பின்னால் வருவதாகச் சொன்னார். வழியனுப்ப வந்த பெண்கள் எல்லோரும் என்னிடம் ஒரே வார்த்தை சொன்னார்கள். "வசந்தா கூட இருக்கால்ல, உனக்கென்ன பயம்?" ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டு அதைக் கேட்டேன். பித்தப்பை இன்னும் கொஞ்சம் வீங்கியிருக்கும்.

வசந்தா அதற்கு முன்னால் ஹெலிகாப்டரில் ஏறினதில்லை. மேலே எழும்பினதுமே அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது. கவரை வாயில் பிடித்துக்கொண்டு ஓங்கரித்தாள். கீழே தீவு தீவாகப் போகிறது, அவள் ஒன்றையும் பார்க்கவில்லை. ஒரு கட்டத்தில் அவளால் கவரைக்கூடப் பிடிக்க முடியவில்லை. ட்ரிப் ஏறுகிற கையோடு நான்தான் பிடித்தேன். நோயாளி யார், துணைக்கு வந்தவள் யார் என்று தெரியாத நிலைமை.

போர்ட் பிளேரில் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். பை நிறையக் கல், வீக்கம், சுற்றிலும் நீர் கோத்திருந்தது. கேம்பல் பே டாக்டர் விரல் வைத்துச் சொன்னது சரிதான் என்றார்கள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கொஞ்சம் தாமதித்திருந்தாலும் ஆளைப் பார்த்திருக்க முடியாது என்று சர்ஜன் சொன்னார். பொய் சொன்ன என் வாயை நம்பவிடாமல் என் மூச்சைப் பிடித்து நிறுத்தியவன் முருகன்தான் என்று அப்போது எனக்குப் புரிந்தது. நான் கேட்டதை அவன் கொடுக்கவில்லை. எனக்கு வேண்டியதைக் கொடுத்தான்.

ஆனால் மனசு சும்மா இருக்குமா? வார்டில் படுத்திருக்கும்போது ஊரிலிருந்து போன் மேல் போன். எல்லோரும் முதலில் வசந்தாவிடம்தான் பேசினார்கள். "நீ இருந்ததால அக்கா பொழைச்சாங்க" என்று அந்தப் பக்கம் சொல்வது எனக்குக் கேட்டது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, ஒரு சாயங்காலம் கேட்டேவிட்டேன்.

"வசந்தா, உண்மையச் சொல்லு. எனக்காக வேண்டினியா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "கோவிச்சுக்காதீங்கக்கா. வேண்டல."

"என்னது?"

"அங்க உங்களுக்கு ஊசி, ட்ரிப்புனு ஓடுனேன். ஹெலிகாப்டர்ல ஒரே வாந்தி. இங்க வந்ததுல இருந்து ரத்தத்துக்கு ஆள் பிடிக்கணும், மருந்து வாங்கணும்னு ஒரே அலைச்சல். சாமி நெனப்பே வரலக்கா. ஊர்ல எல்லாரும் என்னமோ நான் வேண்டினேன்னு சொல்றாங்க, எனக்குக் கூச்சமா இருக்கு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன், வலி உயிர் போனது, அப்படியும் நிறுத்த முடியவில்லை. நான் கேட்டது என்ன? வசந்தா வாயால் என் பெயர் விழக்கூடாது. முருகன் அதை அப்படியே நிறைவேற்றியிருக்கிறான். அவள் கையை, காலை, தூக்கத்தை எல்லாம் எடுத்துக்கொண்டான், வாயை மட்டும் விட்டுவிட்டான். என் வேண்டுதல் பலித்துவிட்டது. கேம்பல் பே முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்த வேண்டும் போல் இருந்தது.

நான் சிரிப்பதைப் பார்த்து அவளும் சிரித்தாள். பிறகு அழ ஆரம்பித்தாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"என்னடி?"

என் கையை எடுத்துத் தன் இடது மார்பில் ஓரமாக வைத்தாள். சேலைக்கு மேலேயே தட்டுப்பட்டது. சுண்டைக்காய் அளவு, கெட்டியாக இருந்தது.

"ரொம்ப மாசமா இருக்குக்கா. யார்கிட்டயும் சொல்லல. அவர்கிட்டகூட."

"ஆஸ்பத்திரியிலயே கெடக்குற, ஒரு டாக்டர்கிட்ட காட்டக் கூடாது?"

"பயமா இருந்துச்சு. எல்லாரும் அவங்கவங்க கஷ்டத்தத் தூக்கிட்டு என்கிட்ட வர்றாங்க. எனக்கே ஒண்ணுன்னா நான் யார்கிட்ட போறது? என் பேர என்னால சொல்லவும் முடியாது. எனக்காக யாருக்கா சொல்லுவா?"

அந்தச் சட்டத்தைப் போட்டவள் நான். அவள் மேல் இருந்த எரிச்சலில் இத்தனை வருடமாக இது ஒன்று மட்டும் என் மண்டையில் ஏறவில்லை. அந்த இடத்தில் உட்காருகிறவளுக்குக் கேட்க நாதியில்லை. நான் உட்கார்ந்தபோதும் அப்படித்தான் இருந்தது. என் மகளுக்குக் குழந்தை தங்காமல் போனபோது அவள் பெயரைச் சொல்ல முடிந்தது, அழுதுகொண்டிருந்த என் பெயரைச் சொல்ல முடியவில்லை.

மறுநாளே அவளை இழுத்துக்கொண்டு கீழ்த்தளத்தில் இருந்த பெண் டாக்டரிடம் போனேன். வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு மெல்ல மெல்லத்தான் நடந்தேன். திரைக்குள்ளே அவளைப் படுக்கச் சொன்னார்கள். உதவிக்கு வந்த நர்ஸோடு நானும் நின்றேன். டாக்டர் கை வைத்துப் பார்த்துக் கேட்டபோது அவள் "வலியெல்லாம் இல்ல" என்று இழுத்தாள். "பயமா இருக்குன்னு சொல்லுடி" என்றேன். ஊசி போட்டுச் சதை எடுத்து அனுப்பினார்கள். முடிவு வர நாளாகும் என்றார்கள். அதற்குள் எங்களை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஊருக்கு வந்து முதல் சஷ்டி. கோயிலில் வசந்தா விளக்குக்கு முன்னால் உட்காரப் போனாள். நான் அவள் தோளைப் பிடித்து நகர்த்திவிட்டு உட்கார்ந்தேன். எல்லோர் முகமும் மாறியது. இவ ஆரம்பிச்சுட்டா என்று நினைத்திருப்பார்கள், எனக்குத் தெரியாதா? நான் யாரையும் பார்க்கவில்லை. மூச்சை இழுத்து, வசந்தா என்று சொன்னேன். அதற்கு மேல் குரல் வரவில்லை. டாக்டர் விலாவில் விரல் வைத்தபோது நின்ற மாதிரியே பாதியில் நின்றுவிட்டது. இந்த முறை யாரும் விரல் வைக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, வசந்தாவுக்கு உடம்பில் ஒரு கட்டி, அது கெட்டதாக இருக்கக் கூடாது என்று முழுசாகச் சொல்லி முடித்தேன். கோயிலே வேல் வேல் என்றது. வசந்தா பின்னால் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவள் பெயரை அங்கே ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை.

முடிவு வந்தது. பயப்பட ஒன்றுமில்லாத கட்டி. வருடத்துக்கு ஒருமுறை காட்டிக்கொண்டால் போதும். போனில் கேட்டுவிட்டு வசந்தா வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். வாசலிலேயே என்னைக் கட்டிக்கொண்டாள். "உங்க வாய் பலிச்சிருச்சுக்கா" என்றாள். என் வாழ்க்கையில் அந்த வார்த்தையை என்னிடம் சொன்ன முதல் ஆள் அவள்தான்.

இப்போது எங்கள் கோயிலில் ஒரு சஷ்டி நான் உட்காருகிறேன், அடுத்த சஷ்டி அவள் உட்காருகிறாள். அவள் பெயரை நான் சொல்லுவேன், என் பெயரை அவள் சொல்லுவாள். நெய்யை விட்டுவிட்டேன். வலி வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன், கேட்டதற்கு உண்மையைச் சொல்கிறேன். பொறாமை போய்விட்டதா என்று கேட்காதீர்கள். அவள் உட்காருகிற சஷ்டிக்குக் கூட்டம் கொஞ்சம் கூடுதலாக வருகிறது, அதை நான் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன். அதையும் முருகனிடமே சொல்லிவிடுகிறேன். இப்படிப்பட்டவள் கேட்டதையே கொடுத்தான் என்றால் உங்களுக்குக் கொடுக்க மாட்டானா? உடம்பில் ஒன்று என்றால் மறைக்காதீர்கள். டாக்டரிடமும் சொல்லுங்கள், அவனிடமும் சொல்லுங்கள். உங்கள் பெயரைச் சொல்ல ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள், அது உங்களுக்குப் பிடிக்காதவராக இருந்தாலும் சரி. வசந்தாவிடம் கேட்டுத்தான் இவ்வளவையும் எழுதுகிறேன். "தாராளமா எழுதுங்கக்கா" என்றாள். அதிலும் அவளுக்குத்தான் நல்ல பெயர்.

ஒன்றை மட்டும் சொல்லி முடிக்கிறேன். கட்டி விஷயம் நல்லபடியாக முடிந்த செய்தி ஊருக்குள் பரவினபோது, எதிர்வீட்டுக்காரி என்னிடமே வந்து சொன்னாள். "அவ பண்ற பக்திக்கு முருகன் அவளக் கைவிடுவானா?" பெயர் சொன்னது யார், பக்கத்தில் நின்றது யார் என்று சொல்ல வாயைத் திறந்தேன். பிறகு மூடிக்கொண்டேன். "ஆமாமா, வசந்தா பக்தி யாருக்கு வரும்" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து படத்துக்கு முன்னால் நின்றேன். உனக்குத் தெரியும்தானே என்று கேட்டேன். அவனுக்குத் தெரியும். இப்போது உங்களுக்கும் தெரியும்.